சுவரில் ஏறிய ஈரம்

செம்பரம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டிற்கு ஒப்பந்தம் என்று ஏதும் இல்லை. பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்ட உரிமையாளர், "நமக்குள் எதற்குப் பத்திரமெல்லாம்?" என்றார். அப்பா அதை அன்பென்றே எண்ணினார்.

2015 டிசம்பரில் ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்ட நாள்களில், பெருமழையால் எங்கள் தெருவிலும் முழங்காலளவு நீர் நின்றது. சுவர்களில் ஈரம் ஏறியது. வீட்டைக் காலி செய்தபோது, அந்தச் சுவர்களுக்கென முன்பணத்தில் பாதி கழிக்கப்பட்டது. வானம் பெய்ததற்கு நாங்களா பொறுப்பு? கேட்க வாய் இருந்தது. காட்டத்தான் ஒரு தாளும் இல்லை.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் பெற வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது. பூசலே எழுந்தாலும் குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது. என்னை நிறுத்தியது அதன் அட்டவணைதான். குழாய் வாசர், மின்சாரப் பொத்தான் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. வாடகைதாரரால் நேராத கட்டுமானப் பழுதும் சுவர் வெள்ளையடிப்பும் உரிமையாளர் பொறுப்பு. நான்கு ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த விடை!

அவ்வாண்டே பூந்தமல்லியில் வேறு வீடு பார்த்தோம். உரிமையாளர் ஒரு மூதாட்டி. "கேட்கும்போது காலி செய்துவிடுவீர்கள்தானே அம்மா?" என்றார். அவருக்கும் ஓர் அச்சம் இருந்ததை அன்றுதான் அறிந்தேன். இரண்டு படிகளில் இருவரும் கையெழுத்திட்டனர். அம்மா எங்கள் படியை நீர் எட்டாத பரணில் வைத்தார்.