எட்டுப் பேர்

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். டிஷ்யூ பாக்கெட் போட்டுப் பிடித்த பக்கத்து மேசையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவர். பையனின் விரலெல்லாம் மீன்கறி. பெண் மடிக்கணினியில் தன் கட்டுரையைத் தள்ளித் தள்ளிக் காட்டுகிறாள்.

"ஃபஜார்னா?"

"யூனிவர்சிட்டி சோஷலிஸ்ட் கிளப் பத்திரிகை. 1954 மே மாசம்."

புக்கிட் தீமாவில் மலாயாப் பல்கலைக்கழகம் இருந்த காலம். வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை விழுந்த சூடு ஆறவில்லை. வல்லரசுகள் ஆசியாவில் ராணுவக் கூட்டணி கட்டப் பார்ப்பதைத் தாக்கி ஏழாவது இதழில் ஒரு தலையங்கம். தேச நிந்தனை என்று எட்டு மாணவர்களைப் பிடித்தது காலனி அரசு. ராஜகுமார், அருட்சோதி, பின்னாளில் கவிஞரான எட்வின் தம்பூ என்று நம் பெயர்களும் அதில் உண்டு. ஆகஸ்டில், எதிர்வாதத்துக்கே அவசியமில்லையென்று நீதிபதி விடுவித்துவிட்டார்.

"லாயர் யாரு?"

"லண்டன்லேர்ந்து பிரிட். கூட லீ குவான் யூ."

மெல்லுவது நின்றது. "நெசமாவா?"

"1963 ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர் கைதுல இந்த எட்டுல சிலர் திரும்ப உள்ள போனாங்க. விசாரணையே இல்ல. அப்போ அவருதான் பிரதமர்."

பையன் சுற்றும்முற்றும் பார்த்தான். நான் தே ஓ கோப்பைக்குள் முகத்தை இறக்கிக்கொண்டேன். இங்கே ஒற்றை ஆள் நின்றாலும் கூட்டமாகலாம். 2009 பொது ஒழுங்குச் சட்டம் அப்படி.

கோல்ட்ஸ்டோர் நடந்தது பிப்ரவரி 2. அதே தேதியில்தான் 2024இல் சுமார் எழுபது பேர் பாலஸ்தீன அடையாளமான தர்ப்பூசணிக் குடை பிடித்து, காசாவுக்காகக் கடிதங்களோடு அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்கு நடந்தார்கள். மூன்று பெண்கள்மேல் வழக்கு. 2025 அக்டோபரில் மாவட்ட நீதிமன்றம் விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது.

அவள் மடிக்கணினியை மூடினாள். மூடியில் ஒரு தர்ப்பூசணித் துண்டு, ஸ்டிக்கர்.

"இத பிச்சிடு லா. நாளைக்கு இன்டர்வியூ."

"பழம்தானே?"

"என்ன பழம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

கட்டுரையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுபது வருஷத்துக்கு முந்தியதை எழுதினால் மதிப்பெண் வரும். அது அவனுக்கும் தெரியும்.

அவள் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். பச்சைத் தோல் வந்தது, சிவப்பு வரவில்லை.

"வீட்ல எண்ணெய் தடவி எடு," என்றான். "இன்னொரு கோசோங் பரோட்டா சொல்லவா?"

"முட்டை போட்டு," என்றாள்.