அப்பாவின் சக்கரங்கள்

அப்பா விட்டுச்சென்ற பந்தய சைக்கிள் சக்கரங்களைப் பார்த்த ஒரு கடைக்காரர், "போலி, நூறு வெள்ளி தரேன்" என்றார். தம்பி சரி என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஹப்பைத் துடைத்ததும் 'காம்பக்னோலோ' தெரிந்தது. பெயரை யாரும் பொறிக்கலாம்! பின்அச்சின் பூட்டு நட்டில் 78 என்றிருந்தது. அந்த இத்தாலிய நிறுவனம் அக்காலத்தில் தயாரித்த ஆண்டை அங்கேதான் குறிக்கும். நட்டையும் மாற்றலாமே என்று அளந்தேன். இரு நட்டுகளுக்கிடையே 126 மில்லிமீட்டர். ஆறு கியர் காலத்து அளவு. இன்றைய சாலைச் சக்கரங்கள் இதைவிட அகலம்.

ரிம் மட்டும் பிரான்சின் மாவிக். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, அன்று ஹப் ஒன்று, ரிம் ஒன்று என வாங்கிக் கையால்தான் கம்பி கோப்பார்கள்.

கிள்ளானில் ஓவர்டைம் செய்து அப்பா இதை வாங்கியது 1979இல் என்கிறார் அம்மா. படங்களை அனுப்பினேன். தம்பி விற்கும் பேச்சை எடுப்பதில்லை.