மாமாவும் கேடலினாவும்

ஆபீஸ் போகிற இளைஞர்களில் ஒரு ரகம் உண்டு. பகலெல்லாம் வவுச்சர், லெட்ஜர், மேனேஜரின் முகம். ராத்திரி ரசம் சாதம் முடித்துக் கை கழுவியதும், ஒன்பதரைக்கு ஸ்பிட்ஃபயர் விமானத்தில் ஏறி இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிவிட்டு, பதினொன்றரைக்கு வந்து படுப்பார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பெயர், ஃப்ளைட் சிமுலேட்டர்.

மைக்ரோசாஃப்ட் தன் முதல் சிமுலேட்டரை விற்பனைக்கு விட்டது 1982-ல். அதில் பூமி என்பது சில கோடுகள், அவ்வளவுதான். 2020-ல் வந்த பதிப்பில் சாட்டிலைட் படங்களை வைத்து உலகம் முழுவதையும் விரித்துவிட்டார்கள். தேடினால் உங்கள் தெருவே கிடைக்கும்.

இதை 'கேம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். சுடுவது, வெடிப்பது எல்லாம் சின்னப் பசங்களுக்காம். இவர்களுக்கு வேண்டியது அசல். அதிலும் பழைய ராணுவ விமானம் என்றால் எண்ணெய் சூடேறும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். வீட்டில் பால் பொங்குவதைப் பார்க்கச் சொன்னால் இந்தப் பொறுமை இருக்காது.

என் மைத்துனன் இந்த ரகம். மாமனார் வீடு பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவ கிராமம். பரம்பரையாகக் கடல் தொழில். பையன் மட்டும் சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். நானும் பி.காம்.தான். ஆனால் எனக்குத் தெரிந்து என் கையிலிருந்து பறந்தது பணம் ஒன்றுதான்.

பயல் ஓட்டுவது ஜெட் கிட் எதுவுமில்லை. கேடலினா! தண்ணீரிலேயே ஏறி இறங்கும் இரண்டு இன்ஜின் விமானம். இறக்கை நீளம் 104 அடி. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகத்தில் முழு நாள் கூட ஆகாயத்தில் கிடக்கும். இன்ஜினியர் உட்காருவது இறக்கைக்குக் கீழே, விமானத்தின் கழுத்து மாதிரி இருக்கும் இடுக்கில். பைலட் விளக்கைப் போட்டு சிக்னல் கொடுக்க, அவர் மேலே உட்கார்ந்து சொன்னதைச் செய்வார். சிமுலேட்டரில் இரண்டு வேலையும் ஒருவனே பார்க்கவேண்டும். எங்கள் பழைய ஆபீஸ் மாதிரி.

"ஏண்டா, உலகத்துல வேற விமானமே கிடைக்கலையா?" என்றேன்.

"நம்ம ஊரு விமானம் மாமா இது" என்றான்.

கப்சா இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், ராயல் ஏர்ஃபோர்ஸின் 240-வது ஸ்குவாட்ரன் தன் கேடலினாக்களோடு வந்து இறங்கியது நம் செங்குன்றம் ஏரியில்தான். சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிற அதே புழல் ஏரி. அங்கிருந்து கிளம்பி வங்கக் கடலைச் சல்லடை போட்டன. அதே வருஷம் ஏப்ரல் 4-ம் தேதி, இலங்கையின் கொக்கலையிலிருந்து கேடலினாவில் கிளம்பிய லியோனார்ட் பிர்ச்சால் என்ற கனடாக்காரர், கொழும்பைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பல் படையைப் பார்த்துவிட்டார். ரேடியோவில் தகவல் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். சிறைப்பட்டார், ஆனால் பிழைத்தார்.

ஆக, கேடலினாவின் தொழிலே தேடுவது. அதற்காகவே பின்பக்கம் இரண்டு விலாவிலும் கொப்புளம் மாதிரி பெரிய கண்ணாடி ஜன்னல்.

இந்தத் தேடுகிற சமாசாரம் எங்கள் வீட்டில் கொஞ்சம் ரணமான விஷயம். பல வருஷங்களுக்கு முன் மாமாவின் ஃபைபர் போட் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், நாலு பேரோடு நாலு நாள் மிதந்தது. இரண்டாம் நாள் தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. லுங்கியை அவிழ்த்து வீசினார்கள், கத்தினார்கள். திரும்பாமல் போய்விட்டது. நாலாம் நாள் ஆந்திரா போட் ஒன்று வந்து கரை சேர்த்தது. அன்றிலிருந்து ஆகாயத்தில் எந்த விமானம் போனாலும் மாமா அண்ணாந்து பார்த்துத் திட்டுவார். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுக்குக் கூட மன்னிப்பு உண்டு. "அது நம்மளத் தேடிக்கினா போவுது?"

போன பொங்கலுக்குப் பையன் அவரைத் திரைக்கு முன் உட்கார வைத்தான். புழலில் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் பழவேற்காடு. நீலமாக விரிந்தது ஏரி. பையன் உற்சாகமாக, "ஏரியில எறக்கட்டுமாப்பா?" என்றான்.

"எங்க எறக்குவ? முழங்கா தண்ணி. சேத்துல குந்திக்கும்."

ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். பூநாரைகள் நின்றபடியே இரை பொறுக்குவது அதனால்தான். சிமுலேட்டருக்கு நீலமாகத் தெரிவதெல்லாம் தண்ணீர். மாமாவுக்கு அப்படியில்லை.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனான். ஆயிரம் அடி உயரம். "இங்க ஒரு போட் வச்சிருக்கேன். கண்டுபிடிங்க."

முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில், "தோ!" என்றார் மாமா. அது அலை நுரை. மூன்றாவது சுற்றில் விமானத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, பையனே விரலை வைத்துக் காட்டினான். வெள்ளை நுரைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 அடி படகு பக்கவாட்டில் நின்றால்கூட, 2 கிலோமீட்டர் தூரத்திலிருந்து நிலாவின் பாதி அகலம்தான். விமானம் அந்த 2 கிலோமீட்டரை அரை நிமிடத்தில் விழுங்கிவிடும். கம்ப்யூட்டர் திரையைவிட மனிதக் கண் கூர்மைதான். ஆனால் கண் சிமிட்டும், வெயிலில் கூசும், அஞ்சு மணி நேரம் பார்த்தால் அலுக்கும்.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அவன் பாத்திருக்க மாட்டான் மாப்ள. பாத்திருந்தா திரும்பியிருப்பான்" என்றார்.

கொஞ்சம் விட்டு, "இத்தினி வருசமா அவன் ஆத்தாளையெல்லாம் இழுத்துத் திட்டிட்டனே" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. எண்ணெய் சூடு, விளக்கு சிக்னல் என்று இந்தப் பசங்கள் அசல் அசல் என்று உயிரை விடுகிறார்களே, அது என்ன பிரயோஜனம் என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். இன்னொருத்தன் சீட்டில் உட்கார்ந்து அவன் கண்ணால் பார்க்க முடிகிறது. இந்த ஒன்றுக்கே ஜாய்ஸ்டிக் விலை கட்டிவிடும் என்று லெட்ஜரில் எழுதிவிட்டேன்.

மறுவாரமே மாமா நல்ல ஆரஞ்சு கலரில் ஒரு பெரிய தார்ப்பாய் வாங்கினார். லைஃப் ஜாக்கெட்டுக்கு அந்தக் கலர் வைத்திருப்பது சும்மாவா? கடலின் நீலத்தில் அதுதான் பளிச்சென்று தெரியும். இப்போது மடித்துப் போட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"மழையே காணோம், தார்ப்பா எதுக்கு?" என்று அத்தை கேட்டிருக்கிறார்.

"மேல இருக்கறவனுக்குத் தெரியணும் இல்ல?" என்றாராம்.

மனுஷனுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதாக அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.