கச்சான் காற்றும் கேட்கும் காதும்

மே 28

கச்சான் பிடித்துவிட்டது. தனுஷ்கோடிச் சாலையில் நடந்தால் பறக்கும் மணல் கணுக்காலைக் குத்துகிறது. இனிச் சில மாதங்களுக்குத் தென்மேற்கிலிருந்து சீராக வீசப்போகும் இந்தக் காற்றை நம்பித்தான், பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட்போர்டிங் பழக எங்கெங்கிருந்தோ ஆட்கள் ராமேஸ்வரம் வருகிறார்கள். அப்படியொரு பயிற்சி முகாமில் கரைக்காவலும் பாதுகாப்பும் என் பொறுப்பு.

இங்கே ஒரு மணல் திட்டுக்கு இருபுறமும் இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு அது ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, அது பெண்கடல். கச்சான் காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அலையடங்கிக் கிடக்கும். புதிதாகப் பழகுகிறவர்களின் கண் பெண்கடல் பக்கமே போகிறது. அங்கே ஏன் அலை இல்லை என்று அவர்கள் கேட்பதில்லை. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை எழும்ப வேண்டிய ஓடுதூரம் கரையோரத்தில் அதற்குக் கிடைப்பதில்லை. அவ்வளவுதான். விழுந்தவரையும் அதே காற்று வடகிழக்கே தள்ளிக்கொண்டு போகும். அந்தத் திசையில் இருப்பது 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கச்சத்தீவுக்கு மேற்கே வரையப்பட்ட எல்லைக்கோடு.

ஆண்கடலில் விழுந்தவர் உப்புத்தண்ணீர் குடித்தாவது கரைக்கு வந்து சேருவார். பெண்கடலில் விழுந்தவருக்குக் கரை விலகிக்கொண்டே போகும். அதனால் இந்தப் பருவத்தின் முதல் விதியை எழுதி ஒட்டிவிட்டேன்: படகு தயாராக நிற்காத நேரத்தில் பெண்கடலில் யாரும் இறங்கக் கூடாது.

ஜூன் 1

பெங்களூரிலிருந்து வந்த தம்பி பையைப் பிரித்ததும் முதலில் எடுத்துக் காட்டியது கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ. மிதக்கும், நீர் புகாது, 5 வாட். "இது இருந்தாப் போதும்ல அக்கா?" என்றார்.

ரேடியோ நல்ல கருவிதான், ஆனால் வரிசையில் அது நாலாவது. கடலில் கைட் விழுந்ததும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை: இழுவை நின்றதா? மிதக்கிறேனா? பிறர் கண்ணுக்குத் தெரிகிறேனா? என் குரல் யாருக்காவது கேட்கிறதா? பொருளையும் இதே வரிசையில்தான் வாங்க வேண்டும்.

இழுவையை நிறுத்துவது, கையில் பிடிக்கும் பாரில் உள்ள விடுவிப்பான். அதைத் தள்ளியதும் கைட் ஒரே கயிற்றில் தொங்கி வலுவிழந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால், கைட்டை உடம்போடு இணைக்கும் லீஷில் இரண்டாவது விடுவிப்பான் இருக்கிறது. அதை இழுத்தால் கைட் முழுவதுமாகக் கழன்றுகொள்ளும். இந்த விடுவிப்பான்களுக்கென்றே 2020-இல் ஐ.எஸ்.ஓ. 21853 என்ற தரநிலை வெளியானது. அந்த எண் அச்சிட்ட பாரைத் தேடி வாங்கச் சொல்கிறேன். இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகள் காலிலோ கழுத்திலோ சுற்றிக்கொண்டால் அறுக்க, இடுப்பில் கட்டும் ஹார்னஸில் கொக்கிக் கத்தி இருக்க வேண்டும். இடது கை, வலது கை எதற்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மிதப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். அடி தாங்க அணியும் இம்பாக்ட் வெஸ்ட் எல்லாம் உயிர்காப்பு அங்கி ஆகாது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் 50 நியூட்டன் மிதப்புவிசை என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்வைக்குப் படுவதற்கு ஆரஞ்சு அல்லது எலுமிச்சை மஞ்சள் நிறம், தோளில் மின்னும் விளக்கு, கழுத்தில் விசில். கருப்பும் நீலமும் படத்தில் அழகாக இருக்கும்; கடலில் அந்த நிறத்தில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இதையெல்லாம் செய்த பிறகு ரேடியோ. அதுவும் மார்பில் கயிறு கட்டி. போர்டில் கட்டிய கருவி போர்டோடு போய்விடும், பையில் இருப்பது கரையிலேயே கிடக்கும். உடம்போடு இருப்பது மட்டுமே நம்முடையது.

ஜூன் 5

இன்று இடுப்பளவு தண்ணீரில் மீட்சிப் பயிற்சி. விடுவிப்பானைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளச் செய்தேன். தள்ளிவிட்டு மறுபடி மாட்டத் தெரிந்தால்தான் தயங்காமல் தள்ளுவார்கள். அதனால் மாட்டுவதையும் சேர்த்தே பழக்குகிறேன்.

அடுத்தது கயிறு. லீஷ் கோத்த கயிற்றை மட்டும் முதலில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் கைட்டுக்கு மறுபடி இழுவை வராது. பிறகு நாலு கயிற்றையும் பாரில் சுற்றி முடிச்சிட்டு, கைட்டை எட்டிப் பிடிக்க வேண்டும். விரலிலோ மணிக்கட்டிலோ ஒருபோதும் கயிற்றைச் சுற்றக் கூடாது. ஒரு அலை தூக்கினால் கயிறு எலும்புவரை இறங்கிவிடும்.

பிரான்சில் பிரித்தானி கடற்கரையில் வளர்ந்த லெகென்யூ சகோதரர்கள் 1984-இல் காற்றடைத்த கைட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்த கைட் மூழ்காமல் கிடந்து மறுபடி எழும்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். கைட்டின் அந்தக் காற்றடைத்த குழாய்தான் இன்றும் நம்முடைய பெரிய மிதவை. பத்துச் சதுர மீட்டர் வண்ணத்துணி அதோடு சேர்ந்து மிதப்பதால், தூரத்திலிருந்து தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுவே. கைட்டை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தலாம் என்ற ஆசை ஆளைக் கொன்றுவிடும்.

காற்று கரையை நோக்கி வீசினால் கைட்டின் ஓரத்தைப் பிடித்து அதையே பாயாக்கிக் கரை சேரலாம். பெண்கடலில் இப்போது அப்படிச் செய்தால் அந்தப் பாய் எல்லைக்கோட்டுப் பக்கம் கொண்டுபோகும். ஆகவே அங்கே பாய் பிடிக்காமல், மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடனே குரல் கொடுக்க வேண்டும். "கொஞ்ச நேரம் நாமே முயன்று பார்க்கலாம்" என்ற நினைப்பை அங்கே விட்டுவிட வேண்டும்.

அதற்கான கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினேன். மணிக்கு 3 கிலோமீட்டர் மிதந்து போகிறவரை, போன திசை தெரியாமல் ஒரு மணி நேரம் கழித்துத் தேடினால் அலச வேண்டிய பரப்பு 28 சதுர கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஆனால் 113.

ஜூன் 9

ரேடியோ சோதனை. 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அதில் சோதனைப் பேச்சு பேசக் கூடாது. நாங்கள் 72-க்கு மாறிக்கொண்டோம். உரிமம் பெற்ற செட்கள்தான்.

மாணவரைக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கவைத்துப் பேசச் சொன்னேன். கரையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சற்றுத் தூரத்திலேயே குரல் உடைந்தது. காரணம் வாட் இல்லை, உயரம். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆன்டெனா முனையின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று தெரியும். தலை மட்டும் வெளியே இருப்பவருக்கு ஆன்டெனா உயரம் 30 சென்டிமீட்டர். அடிவானம் இரண்டேகால் கிலோமீட்டர். கேட்பவரின் அடிவானத்தை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மணலில் உட்கார்ந்து 1.5 மீட்டரில் செட்டைப் பிடித்திருப்பவர் 5 கிலோமீட்டர் சேர்ப்பார். 9 மீட்டர் உயர மொட்டைமாடி ஆன்டெனா 12 கிலோமீட்டருக்கு மேல் சேர்க்கும். இது காகிதக் கணக்கு; அலையும் உடம்பும் மறைப்பதால் கடலில் இன்னும் குறையும்.

தண்ணீரில் கிடப்பவரால் தன் உயரத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. கேட்பவர்தான் உயர வேண்டும். மாலையிலேயே மாடியில் கம்பம் நட ஆள் சொல்லிவிட்டேன்.

சோதனையைப் பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரர் சம்மாட்டி மாமா ஒன்று சொன்னார். "இப்பத் தடைக்காலம் தாயி. விசைப்படகெல்லாம் கரையில கெடக்கு. ஒங்க பேச்சைக் கேக்க அங்கிட்டு யாரு இருக்கா?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கச்சானோ மே மாதமே பிடித்துவிடுகிறது. எங்கள் விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கடலில் காதுகள் குறைவு. சீசன் அட்டவணை போடும் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜூன் 12

வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியைக் கொண்டுவந்திருந்தார். இந்தியாவில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ அந்த வகைக் கருவியோ வைத்திருந்தால் கைதாக நேரிடலாம். எல்லையோரக் கடலில் கேட்கவே வேண்டாம். எடுத்துச் சொன்னதும் புரிந்துகொண்டார். கைபேசியும் முழுத் துணை ஆகாது. அரிச்சல்முனையில் அது இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. ஈரக்கைக்குத் தொடுதிரையும் அடங்காது.

406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் வேறு வகை. இயக்கிவிட்டால் சுமார் 50 நொடிக்கு ஒருமுறை ஆபத்துச் சைகையை விண்ணுக்கு அனுப்பும். குறைந்தது 24 மணி நேரம் தாங்கும். காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துத் தரையிறக்க, பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையத்துக்கு வந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். பீக்கனை உரிமையாளர் பெயரில் பதிவு செய்திருந்தால்தான் அது யாருடையது, வீட்டில் யாரைக் கேட்பது என்று தெரியும்.

நம் மீனவர்களிடம் இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முதல் தலைமுறைக் கருவி அனுப்ப மட்டுமே செய்யும். பொத்தானை அழுத்தியவருக்கு, கேட்டார்களா இல்லையா என்று தெரியாது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் கரையிலிருந்து பதில் வருகிறது. நடுக்கடலில் தத்தளிக்கிறவருக்கு "கேட்டுவிட்டோம்" என்ற பதில் எவ்வளவு தெம்பு! 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரிமாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த இழப்புக்குப் பிறகே ஆழ்கடல் தகவல்தொடர்பு பற்றி அரசுகள் விழித்துப் பேசின. இந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவை மீனவக் குடும்பங்கள். நாங்கள் விளையாட்டுக்காரர்கள், அதைச் சும்மா பெற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 15

தடை முடிந்தது. துறைமுகத்தில் ஐஸ் கட்டி ஏற்றும் சத்தம், டீசல் வாடை. சம்மாட்டி மாமாவும் நாட்டுப்படகுக்காரர்கள் சிலரும் முகாமுக்கு வந்து மாணவர்களோடு உட்கார்ந்தார்கள்.

கையசைவு பற்றிப் பேச்சு வந்தது. "கடல்ல பட்டம் விடுறவுக எங்களப் பாத்துக் கையக் காட்டுவாக. நாங்களும் சந்தோசமாக் கையக் காட்டிட்டுப் போயிருவோம்" என்றார் ஒருவர். எனக்குத் திக்கென்றது. ஒற்றைக் கையசைவு இங்கே வணக்கம். ஆகவே சர்வதேசக் கடல்விதியில் உள்ள சைகையை எல்லோருமாகப் பழகினோம்: இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும், திரும்பத் திரும்ப.

ரேடியோவில் என்ன சொல்வது என்பதும் முடிவானது. மூன்று முறை மேடே என்ற ஆபத்து அழைப்பு, பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். அதற்குப் பின் தமிழில்: "ஆபத்து, ஆள் கடல்ல, படகு வேணும்." வெளிநாட்டவர்களும் அதை மனப்பாடம் செய்தார்கள். இந்தக் கடலில் முதலில் காதில் வாங்கப்போகிறவர் தமிழ் பேசுகிறவர்.

ஜூன் 22

பெண்கடலில், கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில், ஒருவருடைய கைட்டின் காற்றுக்குழாய் வெடித்தது. பெங்களூர்த் தம்பிதான். விடுவிப்பானைத் தள்ளினார், கயிற்றைச் சுற்றினார், காற்று மிச்சமிருந்த குறுக்குக் குழாய்களைக் கட்டிக்கொண்டார். 3.40-க்கு மாடி செட்டில் அவர் குரல் தெளிவாக வந்தது. எங்கள் படகு கிளம்பிய சற்று நேரத்தில் மிதந்து வந்த கிழிந்த வலை விசிறியில் சுற்றி இன்ஜின் நின்றது. நான் 1554-க்கு அழைத்துக் கடலோரக் காவல்படைக்கு இடத்தைச் சொன்னேன். அதற்குள் ரேடியோவில் இன்னொரு குரல்: "கேட்ருச்சு தாயி. நாங்க பக்கத்துல இருக்கோம், போறோம்."

சம்மாட்டி மாமாவின் வள்ளம். 3.58-க்குத் தம்பியை ஏற்றிவிட்டார்கள். காவல்படைக்கு மீண்டும் அழைத்து, ஆள் கிடைத்துவிட்டார் என்று சொன்னேன். இதைச் சொல்ல மறந்தால் கிடைத்த ஆளை ஒரு படையே தேடிக்கொண்டிருக்கும்.

மாலையில் கரையில் கணக்குக் கேட்டேன். விரித்த வலையை அறுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். "டீசல் காசு குடு தாயி, போதும்" என்றார் மாமா. அறுந்த வலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. உடன் போன பையன்தான் சொன்னான்.

ஜூன் 25

மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். ஒரு புதுக் கைட்டின் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. ரேடியோ வாங்குகிறோம், பீக்கன் வாங்குகிறோம். இத்தனையும் சைகை அனுப்பும் பக்கம். அதைக் கேட்கும் பக்கத்தில், வலையை அறுத்துவிட்டு வருகிற மனிதருக்கு இந்த விளையாட்டின் வரவுசெலவில் ஒரு வரிகூட இல்லை. அவருடைய நல்ல மனதை நாம் பாதுகாப்புச் சாதனமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். நல்ல மனம் இருக்கும், குறையாது. வலை வாங்கும் பணம் குறையும்.

மற்ற முகாம்களோடு பேசத் தொடங்கிவிட்டேன். கடலில் இறங்கும் ஒவ்வொருவரிடமும் நாள் கட்டணத்தோடு ஒரு தொகை வாங்கி, ஊர்ச் சங்கத்தின் பெயரில் மீட்பு நிதியாக வைக்க வேண்டும். கேட்டு வந்த படகுக்கு டீசல், இழந்த மீன்பாடு, அறுந்த வலை எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். காற்றுக் காலத்தில் தினமும் ஒரு நாட்டுப்படகு கூலி பெற்றுக் காவல் நிற்க வேண்டும், தடைக்காலத்தில் இரண்டு. பருவம் தொடங்குமுன் கடலோரக் காவல்படையோடு கூட்டுப் பயிற்சி நடத்த வேண்டும்.

நிதிக் கணக்கேடு இன்று தொடங்கியது. முதல் வரவு அந்தத் தம்பி கொடுத்தது. முதல் செலவு, சம்மாட்டி மாமாவின் வலை.