அழித்தும் அழியாதவை

2010 தொடக்கம் எங்கள் அலுவலகத்துக் கணினியில் பெண்கள் சொன்ன வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்பவள் நான். யாருடைய பிள்ளை எங்கே காணாமல் போனது, யாருடைய வீட்டுக்கு இரவில் யார் வந்தது என்பதெல்லாம் அதற்குள்தான். வேலை முடிந்த கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கிவிடுவேன். அது போதுமென்று நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் கணினி திருத்த வந்த தம்பி 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டான். நான் எப்போதோ அழித்த கடிதமொன்று திரையில் வந்து நின்றது. ஒரு அக்காவின் பெயர், கிராமம், எல்லாமே இருந்தன. எனக்குக் கைகால் குளிர்ந்துவிட்டது.

"அக்கா, நீங்கள் கிழிச்சது பொருளடக்கத்தை மட்டும்தான். மேல வேற எழுத்து விழுமட்டும் பக்கங்கள் அப்படியே கிடக்கும்" என்றான்.

"அப்ப முழுத்தட்டுக்கும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடு தம்பி."

உடனே பூட்டினால் இனி எழுதுவதுதான் மறைகுறியாகுமாம். பாவிக்காத மூலைகளில் பழையது வெளிச்சமாகவே கிடக்குமாம். ஆகவே முதலில் தட்டு முழுவதையும் எழுந்தமானமான எழுத்துகளால் நிரப்பவேண்டும்.

நான் ஒரு கிழமை தவணை கேட்டேன். அந்தத் தட்டில் ஓர் அம்மாவின் காணாமல் போன மகனின் படம் இருந்தது. அம்மாவிடமிருந்த பிரதி வெள்ளத்தில் போய்விட்டது. இரண்டு வெளித்தட்டுகளில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்தத் தட்டுகளையும் பூட்டினோம். இல்லாவிட்டால் முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

பிறகு பென்டிரைவில் இருந்து உபுண்டுவை இயக்கி, 'ஷிரெட்' கட்டளையைக் கொடுத்தான். எங்களுடையது 320 ஜிகாபைட் சுழலும் தட்டு. ஒருமுறை மேலெழுத ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. இப்படியான தட்டுக்கு ஒருமுறையே போதும். எஸ்எஸ்டி என்றால் இந்த வழி நம்பத்தக்கதல்ல, அதற்கென்று உள்ள அழிப்புக் கட்டளையைப் பாவிக்கவேண்டும். கரண்ட் போய்விடுமோ என்று நான் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. முடிந்ததும் போட்டோரெக்கை மறுபடி ஓடவிட்டோம். ஒன்றும் வரவில்லை. அதன் பின்னரே பூட்டுடன் உபுண்டுவை நிறுவினான்.

கடவுச்சொல் ஆறு சொற்கள். மறந்தால் திறக்க வேறு வழியே இல்லை என்பதால் ஒரு பிரதி உறையிலிட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. கணினி அணைந்திருந்தால்தான் இந்தப் பூட்டு காவல். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போதும் அணைத்துவிடுகிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள்.

போன மாதம் அந்த அம்மா வந்து மகனைப் பார்க்கவேணும் என்றார். பதற்றத்தில் முதல்முறை பிழையாக அடித்துவிட்டேன். இரண்டாம் முறை திறந்தது. அம்மா திரைக்குக் கிட்டவாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.