கண்டியிலிருந்து ஒரு கடிதம்

அன்புத் தோழி,

வேலூர் வெயிலிலிருந்து வந்தவளுக்கு இந்தக் குளிர் சுகமாகத்தான் இருக்கிறது. ஏரி, தலதா மாளிகை எல்லாம் நேரில் சொல்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது ஓர் இலக்கணக் கேள்விக்காக.

நான் தங்கியிருக்கும் வீட்டம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். டியூஷனில் கொடுத்த தாளை என்னிடம் நீட்டினாள். "டீச்சர், 'இன் சார்ஜ் ஆஃப்', 'இன் த சார்ஜ் ஆஃப்' ரெண்டுக்கும் 'பொறுப்பில்'னுதான் போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?"

எனக்குக் கோபமே வந்தது. நடுவில் ஒரு 'த' நுழைந்தால் ஆளுகிறவர் இருந்த இடத்தில் ஆளப்படுகிறவர் வந்து நிற்கிறார். அதைச் சொல்லித்தராமல் பட்டியலை மட்டும் உருப்போடச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

அவளுக்குத் தெரிந்த, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவையே எடுத்துக்கொண்டேன். 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் அங்கே இருக்கும் ஆயம்மா. 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றால், கொழுந்து பறிக்கப் போகும் தாய் அவரிடம் விட்டுச் செல்லும் குழந்தை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தோட்டத்துல தொரை 'த' இல்லாம, நாங்க 'த'வோட!" அடுப்படியில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எனக்கு இலக்கணம் ஓடவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் தேயிலை போட்டார். அந்தத் தேயிலைக்கு உழைக்க நம் ஊர்களிலிருந்து வந்தவர்கள் கங்காணியிடம் பட்ட கடனோடுதான் மலை ஏறினார்கள். கடன் தொகை குறித்த 'துண்டு' கையில் இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. அத்தனை காலமும் அவர்கள் அந்த 'த'வுக்கு உள்ளேதான் இருந்தார்கள்.

  

'இன் பொசெஷன் ஆஃப்' சேதியும் இதேதான். 1815 மார்ச் 2 உடன்படிக்கையோடு வெள்ளைக்காரன் கண்டிக்கு 'இன் பொசெஷன் ஆஃப்'. கண்டியோ அவனுக்கு 'இன் த பொசெஷன் ஆஃப்'. பிடிபட்ட அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நம் வேலூர்க் கோட்டைக்குத்தானே கொண்டுவந்தார்கள்! 1832இல் அங்கேயே இறந்தான்.

உன் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது பிள்ளைகளைப் பாலாற்றங்கரையில் அந்த அரசனின் நினைவிடமான முத்து மண்டபத்துக்கு அழைத்துப் போ. அச்சடித்த பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதே.