பந்தியும் பதமும்

பசித்து வந்தோர்க்குச் சாதி சமய பேதம் பாராது அன்னமிட வேண்டும் என்னும் சங்கற்பத்தோடு, வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் இராமலிங்க வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துவருகிறது என்பது தமிழ் மக்கள் பலரும் அறிந்த செய்தி. 21 அடி நீளமுள்ள அவ்வடுப்பைத் தரிசித்துக் கைகூப்பும் நாம், நெருப்பை அன்னமாக்கும் கைகளைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. அக்கைகளின் தொழிலை அருகிருந்து காணவேண்டும் என்னும் நெடுநாள் ஆவலினால், தைப்பூசத்துக்கு முதல்நாள் மாலையே மனைவி மக்களுடன் வடலூர் சேர்ந்து, சன்மார்க்க அன்பர்கள் சிலர் அமைத்திருந்த அன்னதானக் கொட்டகையில் தொண்டுக்கு நின்றேன்.

அவ்வூர்ச் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கிக் காட்டப்பெறும் ஜோதியைக் காணத் திரளும் ஜனசமுத்திரத்துக்காக, சுற்றுக் கிராமங்களிலிருந்து அரிசி மூட்டைகளும் பூசணிக்காய்களும் வாழையிலைக் கட்டுகளும் வந்து இறங்கியவண்ணம் இருந்தன. அரிவாள்மனைகளின் முன் வரிசையாக அமர்ந்திருந்த பெண்களோடு என் மனைவியும் அமர்ந்தாள். தலைமைச் சமையற்காரர், வயது வித்தியாசமின்றி எல்லாரையும் ஐயா, அம்மா என்றே விளிக்கும் முதியவர், அவள் நறுக்கிய பூசணித் துண்டொன்றைக் கையிலெடுத்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்கம்மா, இந்த அண்டாவுல சின்னத் துண்டு கரைஞ்சு போயிடும்” என்றார்.

விடியுமுன் சோறு வடிக்கும் வேலை தொடங்கிற்று. உலை தளதளவெனக் கொதித்ததும், களைந்த அரிசியைக் கூடைகூடையாகச் சரித்து, நீண்ட துடுப்பினால் அடியிலிருந்து புரட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று இரண்டு பருக்கைகளை எடுத்து விரல்களிடையே நசுக்கி என்னிடம் காட்டினார். நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை நின்றது. வேகவில்லையே என்று நான் ஐயுற்றபோது, “முழுசா வெந்த பிறகு வடிச்சா, குவிச்சு வைக்கிறப்போ குழைஞ்சிடும் ஐயா. மிச்சத்தை ஆவி பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டு வடிக்கப் பணித்தார். கஞ்சி வடிந்த சோற்றைப் பாயின்மேல் விரித்த வெள்ளைத் துணியில் மலையாகக் குவித்து, மேலும் ஒரு துணியால் மூடினார்கள். சற்று நேரம் கழித்துத் திறந்தபோது, அத்தனை சோறும் பருக்கை பருக்கையாக மலர்ந்திருந்தது. அந்தப் பதத்தை உணர்த்த அவரிடம் கடிகாரமும் இல்லை, அளவுகோலும் இல்லை. விரல் நுனியில் ஆயுட்கால அப்பியாசம் மாத்திரமே இருந்தது.

பந்தி தொடங்கியதும் என் மகளுக்குச் சாம்பார் வாளி கிடைத்தது. உண்பவர் முகங்களைப் பார்த்துப் பார்த்துக் கூச்சத்தோடு ஊற்றிக்கொண்டு வந்தவளிடம், முன்னால் சோறு போட்டுச் சென்ற அம்மையார், “ஆளைப் பாக்காதே அம்மா, இலையைப் பாரு, எவ்வளவு வேணும்னு இலை சொல்லும்” என்றார். வாளி தளும்பாமல் குனிவதற்காகச் சொன்ன தொழில் உபதேசமே அது; ஆயினும், பட்டு உடுத்தியவருக்கும் கந்தை அணிந்தவருக்கும் ஒரே அளவு கரண்டி நீளுவதற்கு அதுவே உபாயமாகவும் அமைந்ததைக் கண்டு நான் நெகிழ்ந்தேன்.

உயிர்களின் பசியைப் போக்குவதையே தலையாய தருமமாக ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் நூலில் வற்புறுத்திய வள்ளலார், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே அடுப்பை மூட்டிவிட்டார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஒன்று தெளிவாகிறது. இரக்கம் எவர் நெஞ்சிலும் சுரக்கக்கூடியது. அதனை உரிய வேளையில், உரிய பதத்தில், உரிய அளவில் இலையில் சேர்ப்பதற்கோ பயின்ற கைகள் வேண்டும். அடிபிடித்த அண்டாவைத் தேய்ப்பவரும், எச்சில் இலை எடுப்பவரும், துடுப்புப் பிடிப்பவரும் அந்தப் பயிற்சியின் ஆசிரியர்கள். பண்டிகைக்குப் பள்ளி விடுமுறை விடும்போதெல்லாம், பெற்றோராகிய நாம் நம் மக்களை அழைத்துச் சென்று அவ்வாசிரியர்களிடம் ஒரு பொழுதேனும் மாணாக்கராக நிறுத்துவோமானால், கருணை என்பது அவர்களுக்கு வெறும் பாடமாக நின்றுவிடாமல் கைவந்த தொழிலாகவே ஆகிவிடும்.